மலையிறங்கும் கார்க்காரர்களுக்கு ஒரு மடல்



கோடை விடுமுறை நெருங்கிவிட்டது. பள்ளிக்கூடங்கள் மூடியதும் உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் வால்பாறைக்கும் நீங்கள் புறப்படுவீர்கள். புறப்படுமுன் வண்டியைக் கழுவித் துடைத்து, டயருக்குக் காற்றுப் பிடித்து, ஏ.சி. சரியாகக் குளிர்கிறதா என்று பார்த்து, குழந்தைகளுக்கு வேண்டிய தின்பண்டங்களையும் கம்பளிச் சட்டைகளையும் எடுத்து வைத்து, இன்னும் எத்தனையோ ஏற்பாடுகளைச் சலியாமல் செய்கிற நீங்கள், சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேட் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவது என்ற ஒன்றை மட்டும் பெரும்பாலும் செய்வதில்லை. அதைச் செய்யும்படி கேட்டுக்கொள்ளவே இந்த மடல். நீலகிரியின் அடிவாரத்தில் வெகுகாலமாக வசிப்பவன் நான். சீசன் மாதங்களில் மலையிலிருந்து இறங்கிவரும் வண்டிகளை நாள்தோறும் பார்த்துப் பழகியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

மலைப்பாதையில் ஒரு விபத்து நிகழ்ந்தால், மறுநாள் பத்திரிகையில் 'திடீரென்று பிரேக் பிடிக்காததால்' என்று செய்தி வருகிறது. அந்தத் 'திடீரென்று' என்பதை என் மனம் ஒப்புவதில்லை. நல்ல பிரேக் ஒன்று முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு நொடியில் கைவிடுவது மிகவும் அபூர்வம். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அது வாரக்கணக்காக, சில சமயம் மாதக்கணக்காக, ஓசையாலும் வாசனையாலும் காலடியில் உண்டாகும் உணர்வாலும் தன் நிலையைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. கேட்பதற்கு நமக்குப் பொறுமை இருப்பதில்லை.

முதலில், மலையிறக்கம் பிரேக்கிடம் எவ்வளவு வேலை வாங்குகிறது என்பதைப் பார்ப்போம். உதகை கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையமோ 300 மீட்டருக்குச் சற்று மேல். ஐந்து பேரும் அவர்களுடைய சாமான்களும் ஏறிய ஒரு சிறிய கார் 1,400 கிலோ எடை என்று வைத்துக்கொண்டால், அது 1,900 மீட்டர் இறங்கி வருவதற்குள் அந்த உயரம் கொடுத்திருந்த சக்தி முழுவதும் எங்கேயாவது செலவாகியே தீரவேண்டும். கணக்குப் போட்டால் அது 80 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான உஷ்ணம். வேறு விதமாகச் சொன்னால், சமவெளியில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அதே காரை முழுமையாக நிறுத்துகிற காரியத்தை 130 தடவைக்கு மேல் செய்வதற்குச் சமம். காற்றும் டயரின் உராய்வும் அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதைப் பகிர்ந்துகொள்ள இருவரே உண்டு: எஞ்சின் ஒன்று, பிரேக் மற்றொன்று. எஞ்சினுக்குரிய பங்கை நீங்கள் கொடுக்காவிட்டால், அத்தனையும் நான்கு சக்கரங்களுக்குள் இருக்கும் சில கிலோ இரும்பின் மேலும், அதைப் பற்றிப்பிடிக்கும் உள்ளங்கையளவு பேட்களின் மேலும் வந்து விழுகிறது. அதிலும் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கே.

கூட்டம் மிகுந்த கோடை நாட்களில் ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று போலீஸார் போக்குவரத்தைப் பிரித்துவிடுவது வழக்கம். அந்த நாட்களில் குஞ்சப்பனைக்கு அருகே சாலையோரம் நின்று பார்த்தால், கருகிய நாற்றம் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். ஓரங்கட்டிய காரின் முன்சக்கரத்திலிருந்து மெல்லிய நீலப் புகை கிளம்புவதையும், கதவைத் திறந்துகொண்டு இறங்கிய குடும்பத்தார் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பதையும், யாரோ ஒருவர் பதற்றத்தோடு குடிதண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து சக்கரத்தின் மேல் ஊற்றுவதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். அன்பர்களே, தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள். பழுக்கக் காய்ந்த இரும்பின் ஒரு பகுதி மட்டும் சட்டென்று குளிர்ந்தால் டிஸ்க் கோணிப்போகும், விரிசலும் விடலாம். சமமான இடத்தில் நிறுத்தி, வண்டியைக் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பெடலை மிதித்துக்கொண்டிராமல் காலை எடுத்துவிட்டு, அரைமணி நேரமாவது காற்றாட விட்டால் அது தானாகவே ஆறிவிடும்.

அந்தப் புகைக்குள் நடப்பது என்ன? பேட் என்பது உலோகத் துகள்களையும் இழைகளையும் பிசினால் பிணைத்து, எஃகுத் தகட்டின் மேல் அழுத்தி ஒட்டிய ஒரு பொருள். அளவுக்கு மீறிச் சூடேறினால் பிசின் ஆவியாகத் தொடங்கும். பேட்டின் முகம் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும். பெடல் கெட்டியாகத்தான் இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மட்டும் நிற்க மறுக்கும். இது முதல் அபாயம். இரண்டாவது இதைவிடக் கொடியது. அதைப் புரிந்துகொள்ள பிரேக் ஆயிலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனென்றால் பிரேக் விஷயத்தில் மிகவும் அலட்சியம் செய்யப்படுவது அதுதான்.

உங்கள் கால் பெடலின் மேல் கொடுக்கும் அழுத்தம், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மெல்லிய குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேர்வது ஒரு திரவத்தின் மூலமாக. அடைபட்ட திரவத்தின் மேல் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு தேசத்துப் பாஸ்கல் கண்டறிந்த தத்துவமே இதற்கு ஆதாரம். திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆவியோ சுருங்கும். ஆகையால் அந்தத் திரவம் எக்காரணம் கொண்டும் கொதிக்கக் கூடாது. நம் கார்களில் சாதாரணமாகப் பயன்படும் டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4 வகைக்கு 230 டிகிரி இருக்கவேண்டும் என்பது விதி. ஆனால் இவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சுபாவமுடையவை. ரப்பர்க் குழாயின் வழியாகவும் ஆயில் கிண்ணத்து மூடியின் வழியாகவும் மெல்ல மெல்லக் கசிந்துவரும் ஈரம் நூற்றுக்கு நான்கு பங்கைக்கூட எட்டவேண்டியதில்லை; அதற்குள்ளாகவே டாட் 3 இன் கொதிநிலை 140 டிகிரி வரையிலும் டாட் 4 இன் கொதிநிலை 155 டிகிரி வரையிலும் இறங்கிவிடலாம். சமவெளியில் ஊருக்குள் ஓட்டும்போது இந்தக் குறை தெரியவே தெரியாது. நீண்ட இறக்கத்தில், இடைவிடாமல் பிரேக்கின் மேல் கால் வைத்துக்கொண்டு வருகிறபோது, பேட்களை அழுத்தும் காலிப்பருக்குள் இருக்கும் ஆயில் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகின்றன. அப்போது மிதித்தால் பெடல் தரைவரை போகும். ஆனால் அழுத்தம் சக்கரத்தைச் சென்று சேராது. வண்டியை நிறுத்தி ஆறவிட்ட பிறகு பட்டறைக்காரர் சோதித்துப் பார்த்தால் பிரேக் நன்றாகவே பிடிக்கும். அதனால் ஓட்டியவர் சொல்வதை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றி, குழாய்களிலிருந்து காற்றை எடுத்துவிடுவது என்பது மிகச் சொற்பச் செலவில் முடிகிற காரியம். கிலோமீட்டர் ஓடவில்லையே என்று இதில் கணக்குப் பார்ப்பது சரியல்ல. வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாலும் அது ஈரத்தை இழுத்துக்கொண்டுதான் இருக்கும். மூடியின் மேல் எந்த வகை குறிக்கப்பட்டிருக்கிறதோ அதையே ஊற்றவேண்டும். திறந்து வெகுநாள் வைத்திருந்த டப்பாவிலிருந்து ஒரு துளியும் சேர்க்கக் கூடாது. டாட் 5 என்பது முற்றிலும் வேறு ஜாதி, சிலிக்கோன் வகை. மற்றவற்றோடு அதைக் கலக்கவே கூடாது.

ஆயிலின் மட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே நகர்ந்து நிற்பதால், மேலே கிண்ணத்திலுள்ள ஆயில் சிறிது சிறிதாகக் குறைவது இயற்கை. அப்படிக் குறைவது பேட் தேய்ந்துவிட்டது என்று உங்களுக்குச் சொல்லும் செய்தி. சர்வீஸின்போது காரணத்தை ஆராயாமல் 'கொஞ்சம் குறைந்திருந்தது, ஊற்றிவிட்டோம்' என்று நிரப்பி அனுப்பினால் அந்தச் செய்தி அழிந்துபோகிறது. கசிவினாலும் மட்டம் குறையலாம். எதனால் குறைந்தது என்று கேட்காமல் வண்டியைப் பெற்றுக்கொள்ளாதீர்கள்.

இனி பேட் விஷயம். புதிய பேட்டின் உராயும் பகுதி சுமார் 10 முதல் 12 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான வழக்கு; மலைக்குப் போவதாக இருந்தால் 4 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். மெல்லிய பேட் சூட்டைத் தாங்குவதற்குப் பதிலாகத் தனக்குப் பின்னாலுள்ள பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கடத்திவிடும். பல பேட்களில் சிறிய எஃகு நாக்கு ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். தேய்மானம் எல்லையைத் தொட்டதும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். ரேடியோவின் சப்தத்திலும் மூடிய கண்ணாடிக்குள்ளும் அது நம் காதில் விழாமலே போய்விடுகிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு, சுவர் ஓரமாக, மெதுவாகப் பிரேக் போட்டு ஓட்டிப் பாருங்கள். கீச்சொலி போய்க் கரகரவென்று இரும்போடு இரும்பு அரைபடும் ஓசை வந்துவிட்டால் அதன் பிறகு வண்டியை எடுக்கவே கூடாது.

எங்கள் தெருவில் ஒரு நண்பர் மிகவும் ஜாக்கிரதையானவர். மாதத்துக்கொரு தரம் குனிந்து, அலாய் சக்கரத்தின் இடைவெளி வழியே டார்ச் அடித்துப் பேட்டைப் பார்ப்பார். பேட் கனமாகவே தெரிந்தது. ஒரு நாள் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்று பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்தைக் கழற்றினார்கள். நானும் கூட இருந்தேன். வெளிப்பக்கத்துப் பேட்டில் 6 மில்லிமீட்டர் அப்படியே இருந்தது. உட்பக்கத்துப் பேட்டில் உராயும் பொருள் அறவே இல்லை, எஃகுத் தகடு பளபளத்தது, டிஸ்க்கின் உள்முகத்தில் நகம் சிக்கும் அளவுக்கு வரிவரியாகப் பள்ளங்கள் விழுந்திருந்தன. காரணத்தை மெக்கானிக் காட்டினார். சாதாரணக் கார்களில் பிஸ்டன் உட்பக்கம் மட்டுமே இருக்கும். அது உள்பேட்டைத் தள்ளும்போது, காலிப்பர் இரண்டு ஊசிகளின் மேல் வழுக்கி நகர்ந்து வெளிப்பேட்டை இழுத்து அழுத்தவேண்டும். அந்த ஊசிகளின் ரப்பர் உறை கிழிந்து, மழைநீர் புகுந்து, கிரீஸ் காய்ந்து, துரு ஏறி அவை இறுகிப்போயிருந்தன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெளிப்பேட்தான் தெரியும். ஆகவே சக்கரத்தைக் கழற்றாமல் செய்யும் எந்தச் சோதனையும் முழுச் சோதனை ஆகாது.

பேட் மாற்றுவது நெடிய வித்தையல்ல. கைத்திறன் உள்ளவர் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆயினும் உங்களில் பெரும்பாலோர் பட்டறையில்தான் செய்துகொள்வீர்கள் என்பதால், பக்கத்தில் நின்று எவற்றைக் கவனிக்கவேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். ஜாக்கியின் மேல் மட்டும் வண்டியை நிறுத்தி அதன் அடியில் யாரும் கை வைக்கக் கூடாது. ஸ்டாண்டு கொடுத்து, தரையிலிருக்கும் சக்கரங்களுக்குத் தடை வைத்திருக்கவேண்டும். கழற்றிய காலிப்பரை ரப்பர்க் குழாயில் தொங்கவிடுவது மிகப் பரவலான தப்பு. குழாய் உள்ளுக்குள் பிய்ந்துபோனாலும் வெளியே தெரியாது. கம்பியால் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளுமுன் கிண்ணத்து ஆயிலைப் பார்க்கவேண்டும். நிறைந்திருந்தால் வழிந்து பெயிண்டைத் தின்றுவிடும். தூசியை வாயால் ஊதுவதும் ஏர் பைப்பால் அடிப்பதும் வேண்டாம். பழைய வண்டிகளின் பிரேக்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும், அந்தத் தூசி நுரையீரலுக்குப் பரமவிரோதி. பட்டறையில் வேலை செய்யும் பிள்ளைகளின் நலத்துக்காகவாவது ஈரத் துணியாலோ பிரேக் கிளீனராலோ துடைக்கச் சொல்லுங்கள். ஊசிகளைச் சுத்தம் செய்து, ரப்பரைக் கெடுக்காத சிலிக்கோன் கிரீஸ் போடவேண்டும். வீட்டிலிருக்கும் சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் அதன் ஓரத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் டிஸ்க்கையும் மாற்றவேண்டியதுதான். தேய்ந்த பேட்டையே உப்புத்தாளில் தேய்த்து மறுபடி போட்டுக் கொடுப்பது, ஒரு பக்கம் மட்டும் புதிது போடுவது, இவ்விரண்டுக்கும் எந்நாளும் சம்மதியாதீர்கள். ஒரு அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றவேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு, வண்டியை ஓர் அடி நகர்த்துவதற்கும் முன்னால், பெடலை அது கெட்டிப்படும் வரை பலமுறை மிதித்துவிட வேண்டும். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதிக்குப் பிரேக் இருக்கவே இருக்காது. பட்டறை வாசலிலேயே சுவரில் மோதிய வண்டிகள் உண்டு. பிறகு காலியான சாலையில், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை நிதானமாகக் குறைப்பதும், சற்று ஓடவிட்டு ஆற்றுவதுமாக ஏழெட்டு முறை செய்தால்தான் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும். ஆகையினால் புறப்படும் தினத்துக்கு முதல்நாள் மாலை பேட் மாற்றிக்கொண்டு விடியற்காலையில் மலையேறுவது உசிதமல்ல. ஒரு வாரமாவது முந்திச் செய்யுங்கள்.

விலை குறைவென்று பெயர் தெரியாத பேட்டை வாங்கவேண்டிய நிர்ப்பந்தமும் நமக்கு இல்லை. இந்தப் பொருளின் சரித்திரமே மலையிறக்கத்தில் தொடங்கியது. இங்கிலாந்தில் டெர்பிஷயர் மலைச்சரிவுகளில் குதிரைவண்டிக்காரர்கள் பழைய பூட்ஸின் தோலைச் சக்கரத்தடைக்குப் பயன்படுத்துவதைக் கண்ட ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், அதைவிட நல்லதொரு பொருளைத் தேடி 1897 இல் தொடங்கிய முயற்சியே பிற்காலத்தில் பெரிய தொழிலாக வளர்ந்தது. நம் சென்னைப் பாடியிலோ 1962 முதல் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் இயங்கிவருகிறது. பிரேக் லைனிங் செய்யும் வேறு பெரிய தொழிற்சாலைகளும் அந்த நகரத்தைச் சுற்றி உண்டு. தரமான சரக்கு நம் ஊரிலேயே விளைகிறபோது, பெட்டியை மட்டும் பார்த்துப் போலியை வாங்கி ஏமாறுவது பரிதாபம். பில் கொடுக்கிற கடையில் வாங்குங்கள்.

பின்சக்கரங்களில் டிரம் இருந்தால் அதையும் திறந்து ஷூவையும் வீல் சிலிண்டரையும் பார்க்கவேண்டும். அங்கே ஈரக்கசிவு தெரிந்தால் தாமதம் கூடாது. ஹேண்ட் பிரேக் கேபிளையும் இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும், ஓட்டுகிற முறை தவறாக இருந்தால் பயனில்லை. வால்பாறைக்கு 40, கல்லட்டியில் 36, கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையிலும் பிரேக்கையே நம்பி இறங்க இயலாது. எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்லிவந்தது அனுபவத்தில் விளைந்த சாஸ்திரம். இரண்டாவது கியரில் எஞ்சின் முனகிக்கொண்டு வந்தால் பயப்படாதீர்கள். உஷ்ணத்தில் தனக்குரிய பங்கை அது ஏற்றுக்கொள்கிறது என்று பொருள். பிரேக்கை லேசாக வெகுநேரம் அழுத்திக்கொண்டிராமல், வேண்டும்போது அழுத்தமாகப் போட்டு வேகத்தைக் குறைத்து, உடனே விட்டுவிடுங்கள். ஆட்டோமாட்டிக் கியர் உள்ள வண்டியிலும் 'எல்' என்றோ '2' என்றோ மானுவல் என்றோ ஒரு நிலை இருக்கும். அதைப் பயன்படுத்தத் தெரியாமலே வருஷக்கணக்காக ஓட்டுகிறவர்கள் உண்டு. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் மலையுச்சியில் பாட்டரியை முழுவதும் நிரப்பிக்கொண்டு இறங்கவேண்டாம். திரும்பிவரும் மின்சாரத்தை ஏற்க இடமில்லாதபோது மோட்டார் கொடுக்கும் தடை குறைந்துபோய், பாரமெல்லாம் பேட்டின் மேலேயே விழும்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: அந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். இக்காலத்து எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் அநேகமாக முழுவதும் நிறுத்தப்பட்டுவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சினை உயிரோடு வைத்திருக்க எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். ஆக, மிச்சம் என்பதே பொய்க்கணக்கு. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம். பிரேக்குக்கு உதவி செய்யும் வாக்குவம் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும், ஸ்டீயரிங் கனத்துப்போகும், சாவியை எடுத்துவிட்டால் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

இத்தனைக்கும் பிறகு ஒருவேளை பெடல் அமுங்கிப்போனால், எஞ்சினை அணைக்காமல், பெடலை வேகவேகமாகப் பலமுறை மிதித்துக்கொண்டே ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுத்துவிடாமல் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். ஹாரனும் விளக்கும் எதிரே வருகிறவருக்குச் செய்தி சொல்லட்டும். வேறு வழியில்லையென்றால் பள்ளத்தின் பக்கம் போகாமல் மலையோரத்து மண்மேட்டில் வண்டியை உரசி நிறுத்துங்கள்.

மலையிலிருந்து வீடு திரும்பிய மறுவாரம் இன்னொரு முறை சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். ஊருக்குள் பல மாதங்கள் ஓட்டித் தேயவேண்டிய பேட், இரண்டு நாள் மலைப்பிரயாணத்தில் தேய்ந்துபோயிருக்கக்கூடும். பேட்டின் முகம் வழவழத்திருக்கிறதா, டிஸ்க் நீலம் பாரித்திருக்கிறதா, உள்பேட்டும் வெளிப்பேட்டும் ஒரே கனத்தில் இருக்கின்றனவா என்பதை மெக்கானிக்கிடம் கேட்டு, கனத்தை மில்லிமீட்டரில் சர்வீஸ் புத்தகத்தில் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் க்ஷேமத்தை நாடும்
மேட்டுப்பாளையத்து அன்பன்